பழஞ்சேலையும் பென்சிலும்: வன்னி வீட்டில் துணிச்சித்திரம் பழகும் முறை

வன்னியில் ஏதேனும் ஒரு குளக்கட்டின் மேல் கார்த்திகை மாதத்தில் ஏறி நின்று வயல் பக்கம் பாருங்கள். விதைத்துப் பத்து நாளான வயல் இளம்பச்சையாகவும், அதற்கு முன்னரே விதைத்தது கரும்பச்சையாகவும், உழுது நீர் கட்டி விடப்பட்டது வானத்தின் நிறமாகவும் கிடக்கும். அவற்றுக்கிடையே வரம்புகள் கோணலும் நேருமாக ஓடும். துண்டுத்துணிப் போர்வை என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். வயல்கள் துணித்துண்டுகள் என்றால், அவற்றைப் பிரித்தும் இணைத்தும் நிற்கிற வரம்புகள் தையல்கள்.

வரைதலையும் தையலையும் நாம் வெவ்வேறு பாடங்களாகப் பழகியவர்கள். பாடசாலையில் சித்திரம் ஓர் அறையிலும் மனையியல் இன்னோர் அறையிலும் நடந்தன. இந்த வழிகாட்டி இரண்டையும் ஒன்றாகத் தொடங்கச் சொல்கிறது. தைக்க நினைப்பவர் முதலில் வரைந்து பார்த்தால், கடையில் விற்கும் பூ வடிவத்தையோ கைத்தொலைபேசியில் கண்ட அமெரிக்கக் கொட்டகைப் படத்தையோ தைக்காமல், தன் முற்றத்தில் இருப்பதைத் தைப்பார். வரைவதோடு நின்றுவிடுபவருக்கோ, கோட்டைத் துணியில் நூலாக இடும்போதுதான் எந்தக் கோடு தேவை, எது வீண் என்பது விளங்கும்.

கொப்பியும் கண்ணும்

வரைவதற்கு அதிகம் வாங்க வேண்டியதில்லை. கோடில்லாத சித்திரக் கொப்பி ஒன்று, எச்.பி., 2பி, 4பி என மூன்று பென்சில்கள், ஓர் அழிறப்பர், ஓர் அடிமட்டம் ஆகியவை போதும். கொப்பி சிறிதாக, கைப்பைக்குள் அடங்குவதாக இருந்தால் அது உங்களோடு சந்தைக்கும் கோயிலுக்கும் வரும். பெரிய கொப்பி அலுமாரியில்தான் கிடக்கும். பழைய பிரிஸ்டல் போட் மட்டையில் மூன்று அங்குல அகலமும் நான்கு அங்குல நீளமுமான ஒரு சன்னலை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதனூடாக ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது, பரந்து கிடக்கும் வெளியில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதற் பயிற்சி, தாளைப் பாராமல் வரைவது. ஒரு சுளகையோ கடகத்தையோ முன்னால் வைத்து, அதன் விளிம்பில் ஓர் எறும்பு ஊர்வதாக எண்ணிக்கொண்டு, எறும்பின் வேகத்திலேயே கண்ணையும் பென்சிலையும் நகர்த்துங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தாளைப் பார்த்தால் கடகம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆயினும் அந்தக் கோட்டில் நீங்கள் உண்மையாகவே பார்த்தது இருக்கும். பத்து நாள் தொடர்ந்து இப்படி வரைந்தபின், தாளைப் பார்த்து வரையத் தொடங்கலாம்.

பனையை எடுத்துக்கொள்வோம். வன்னியில் பனை வரையாதவர் இல்லை, ஆனால் பெரும்பாலும் அனைவரும் ஒரு கம்பத்தின் மேல் குடை விரித்ததுபோல் வரைந்து முடித்துவிடுகிறோம். கிட்டப் போய்ப் பாருங்கள். இளம் ஓலைகள் வட்டின், அதாவது உச்சி ஓலைக்கொத்தின், நடுவில் செங்குத்தாக நிற்கின்றன. முற்றியவை பக்கவாட்டில் விரிகின்றன. காய்ந்தவை கீழ்நோக்கித் தொங்கி, அடிமரத்தோடு பாவாடைபோல் ஒட்டிக் கிடக்கின்றன. ஒவ்வோர் ஓலையும் முழுவட்டத்துக்குச் சற்றுக் குறைவான விசிறி, அதன் நுனிகள் பிளந்தவை. மரத்தின் உடலில் உதிர்ந்த மட்டைகளின் தழும்புகள் வளையம் வளையமாக ஏறுகின்றன. வட்டில்லாமல் நிற்கும் மொட்டைப் பனைகளை நம் பகுதியில் இன்னும் காணலாம், அவற்றையும் வரையுங்கள். கோடுகள் நிரம்பிய மரத்தை மட்டும் வரைந்து பழகிய கைக்கு, வெறுமையான நுனியை வரைவது கடினமான பாடம்.

இன்னொரு பயிற்சி ஆண்டு முழுவதும் நீள்வது. ஒரே வரம்பில், ஒரே கல்லின் மேல் அமர்ந்து, காலபோக (மாரிக்கால நெற்செய்கை) விதைப்பின் பின் ஒரு தடவையும், தை மாசியில் அறுவடையின்போது ஒரு தடவையும், ஆவணியில் நிலம் வெடித்துக் கிடக்கும்போது ஒரு தடவையும் வரையுங்கள். படத்தின் ஓரத்தில் நிறங்களைப் பெயர் சொல்லி எழுதிவையுங்கள். வெறுமனே “பச்சை” என்று எழுதாமல் “முருங்கை இலைப் பச்சை”, “பாசிப் பச்சை” என்றும், “மண்ணிறம்” என்று எழுதாமல் “நனைந்த செம்மண்”, “காய்ந்த வைக்கோல்” என்றும் எழுதினால், பிறகு துணி தேடும்போது அந்தக் குறிப்பே பட்டியலாகிவிடும். என் கொப்பியில் ஆவணிப் பக்கத்தில் இருந்த ஐந்து நிறங்களும் வீட்டிலிருந்த பழைய சாரங்களிலேயே கிடைத்தன.

துணி எங்கே இருக்கிறது

வீட்டில்தான் இருக்கிறது. பருத்திச் சேலை, சாரம், வேட்டி, பள்ளிச் சீருடை, பழைய படுக்கை விரிப்பு என்று எல்லாம் பயன்படும். நம் வீடுகளில் பழஞ்சேலை ஏணையாகவும், பிறகு மடித்து ஓரம் நூலோடிக் குழந்தைக்கு விரிப்பாகவும் மாறியது பலருக்கு நினைவிருக்கும். அதற்கும் துண்டுப்போர்வைக்கும் இடைவெளி மிகச் சிறிது. ஊர்த் தையற்காரரிடம் வெட்டுத்துண்டுகளைக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். ஆனால் தரையில் கூட்டிக் குவித்த பிறகு கேட்பதைவிட, ஒரு பையை முன்கூட்டியே கொடுத்துவைப்பது நல்லது.

தெரிவில் ஒரே கண்டிப்பு, பருத்தியைப் பருத்தியோடு சேர்ப்பது. ரி-சேர்ட் துணி இழுபடும், நைலோன் சேலை வழுக்கும், பொலியெஸ்டர் மின்னழுத்தியின் சூட்டில் சுருங்கும். தொடக்கத்தில் இவற்றை ஒதுக்கிவையுங்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை தேய்ந்து சல்லடையாகத் தெரியும் பகுதியை மேற்பக்கத்துக்கு எடுக்காமல், நடு அடுக்கில் இட்டுவிடலாம்.

சாயம் போகும் துணியைப் பற்றி என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். நான் முதன்முதலில் தைத்த போர்வையில் வெள்ளைச் சீருடைத் துணிக்கும் சிவப்புச் சேலைக்கரைக்கும் இடையே அழகான எதிர்நிறம் அமைந்தது. இரண்டு மாதம் இரவிரவாகத் தைத்து முடித்து, முதல் முறை வாளியில் ஊறப்போட்டேன். எடுத்தபோது வெள்ளையெல்லாம் இளஞ்சிவப்பு. “உப்புப் போட்டிருந்தால் சாயம் போயிருக்காது” என்று அயல்வீட்டுக்காரர் சொன்னார். ஏற்கனவே சாயமிட்ட துணியில் ஒட்டாமல் தங்கியிருக்கும் சாயத்தை உப்போ வினாகிரியோ பிடித்துவைப்பதில்லை. அது வெளியேறி முடியும்வரை வெந்நீரில் திரும்பத் திரும்ப அலசுவதே வழி. ஆகவே ஒவ்வொரு துணியையும் வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் ஊறவைத்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணி இன்னும் ஆயத்தமாகவில்லை. இந்த முன்கழுவலில் துணி சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கியும்விடும். உங்கள் குழாய்க்கிணற்று நீர் வாளியின் அடியில் செம்மஞ்சள் படிவு விடுவதாக இருந்தால், வெள்ளைத் துணிகளுக்கு மழைநீரைப் பிடித்துப் பயன்படுத்துங்கள். இரும்புக்கறை ஏறினால் எளிதில் போகாது.

ஊசி விடயத்தில் சிக்கனம் வேண்டாம். துருப்பிடித்த ஊசி நல்ல துணியைக் கெடுக்கும். கையால் நூலோடுவதற்கு, அதாவது ஊசியை மேலும் கீழுமாக ஓட்டித் தைப்பதற்கு, சிறிய, மெல்லிய ஊசியும், ஆறு இழைகள் கொண்ட பூத்தையல் நூலுக்குக் கண் நீண்ட ஊசியும் தேவை. நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள், நீண்ட நூல் முறுக்கேறி முடிச்சு விழும். பருத்தித் துணிக்குப் பருத்தி நூலே பொருந்தும், ஏனெனில் உறுதியான செயற்கை நூல் பழந்துணியின் இழையை நாளடைவில் அறுத்துவிடக்கூடும்.

முதற் போர்வை: ஒன்பது சதுரம்

தொடங்குபவருக்கு மிக ஏற்ற அமைப்பு, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரங்களைச் சேர்த்து ஒரு கட்டம் ஆக்குவது. கடும்நிறத்தையும் இளநிறத்தையும் மாறிமாறி வைக்க வேண்டும். தைத்து முடிந்தபின் ஒவ்வொரு சதுரமும் மூன்று அங்குலம் இருக்க வேண்டுமானால், நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, மூன்றரை அங்குலமாக வெட்டுங்கள். ஒரு கட்டம் ஒன்பது அங்குலமாக அமையும். குறுக்கே நான்கு, நெடுக்கே ஐந்து என 20 கட்டங்கள் சேர்ந்தால் 36 அங்குல அகலமும் 45 அங்குல நீளமுமான குழந்தைப் போர்வை கிடைக்கும். பாதிக் கட்டங்களில் மூலைகள் கடும்நிறமாகவும் மற்றப் பாதியில் இளநிறமாகவும் இருந்தால், போர்வை முழுவதும் சதுரங்கப் பலகைபோல் ஒழுங்காக வரும். மொத்தம் 180 சதுரங்கள், நிறத்துக்கு 90. ஒரு நல்ல சாரத்தின் பாதியிலேயே 90 சதுரம் வெட்டலாம்.

வெட்டுவதற்கு முன் துணியின் விளிம்பில் சிறு வெட்டொன்று இட்டுக் கையால் கிழியுங்கள். நெய்த பருத்தி இழையின் வழியே நேராகக் கிழியும். அந்த நேரான விளிம்பை ஆதாரமாக வைத்து, மட்டையில் வெட்டிய மூன்றரை அங்குல அச்சைத் துணிமேல் வைத்து, தையற்சோக்கால் கோடிட்டு வெட்டுங்கள். மட்டையின் ஓரம் நாலைந்து நாளில் தேய்ந்து வளைந்துவிடும். நான் இரண்டு அச்சுகள் வெட்டி, ஒன்றை அளவு பார்ப்பதற்கென்றே தனியே வைத்திருக்கிறேன்.

கால் அங்குலத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், குறுக்கு வரிசையொன்றில் 12 சதுரங்களும் அவற்றுக்கிடையே 11 தையல்களும் இருக்கின்றன. ஒவ்வொரு தையலிலும் அரைக்கால் அங்குலம் பிசகினால் வரிசையின் முடிவில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குறையும். அடுத்த வரிசை வேறுவிதமாகப் பிசகினால் இரண்டையும் பொருத்தவே முடியாது. தையல் இயந்திரத்தில் தைப்பவர்கள், ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளித் தகட்டின் மேல் ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, அதன் ஓரமாகவே துணியைச் செலுத்தலாம். கையால் தைப்பவர்கள் பென்சிலால் கோடிட்டு அதன் மேலேயே நூலோட வேண்டும். நாலைந்து தையலுக்கு ஒரு முறை, ஊசியை ஒரு தையல் பின்னே குத்தி முன்னே எடுக்கும் பின்தையல் ஒன்றும் இடுங்கள்.

மூன்று சதுரங்களை வரிசையாக்கி, மூன்று வரிசைகளைக் கட்டமாக்குங்கள். ஒவ்வொரு தையலின் பின்னும் உட்பக்க விளிம்புகளைக் கடும்நிறத் துணியின் பக்கமாக மடித்து மின்னழுத்தியால் அழுத்துங்கள். மின்சாரம் இல்லாத வேளையில் சிரட்டைக்கரிப் பெட்டியும் இதே வேலையைச் செய்யும். அழுத்தியைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகும்.

இனி மூன்று அடுக்குகள். குளிர்நாடுகளில் நடுவே தடித்த பஞ்சு வைப்பார்கள். வன்னிக்கு அது தேவையில்லை. மார்கழி, தை மாதத்துப் பனிக்கு ஒரு பழைய பருத்திச் சேலையோ மெல்லிய படுக்கை விரிப்போ நடுவில் இருந்தால் போதுமானது. மற்ற மாதங்களில் போர்வை விரிப்பாகும். அடித்துணியை மேற்துணியைவிட நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, அதன் நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி சீமெந்துத் தரையில் விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் பிடித்துவையுங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டாம், சுருக்கமின்றி இருந்தால் சரி. அதன்மேல் நடு அடுக்கு, அதன்மேல் மேற்துணி. நடுவிலிருந்து வெளியே நோக்கி உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்துங்கள். பின்னர் நடுவிலிருந்து எட்டுத் திசையிலும் மூன்று அங்குல நீளத் தற்காலிகத் தையல்களை, நான்கு விரல் இடைவெளி விட்டு ஓடுங்கள். இந்தப் பெருந்தையலைச் சோம்பலால் விட்டவர்கள் எல்லாரும் பின்பக்கத்தில் மடிப்பு விழுந்த போர்வையோடுதான் முடித்திருக்கிறார்கள், என்னையும் சேர்த்து.

அடுக்குகளை இணைக்கும் நூலோட்டத்தைக் கையால் செய்யுங்கள். சதுரங்களை இயந்திரத்தில் இணைத்தாலும் இந்தக் கட்டத்தில் கைத்தையலே எனக்கு விருப்பம், ஏனெனில் போர்வையின் மென்மை அதிலிருந்துதான் வருகிறது. ஓரங்குலத்தில் மூன்று நான்கு தையல்கள் விழுந்தால் தொடக்கத்துக்குப் போதுமானது. தையல் சிறிதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பது முக்கியம். வரிசைகளுக்கிடையே ஒன்றரை அங்குலம் விடலாம். முடிச்சை மேற்துணிக்கும் நடு அடுக்குக்கும் இடையே மெல்ல இழுத்து மறைத்துவிடுங்கள். நூலோட்டம் முடிந்ததும் நடு அடுக்கை மேற்துணியின் விளிம்பளவுக்கு வெட்டி, அடித்துணியை ஓரங்குலம் வெளியே நீட்டியிருக்கும்படி நறுக்கி, அரை அங்குலமாக இரு முறை முன்பக்கம் மடித்துத் தைத்தால் கரையும் முடிந்தது.

அளவுகோல் இல்லாமல்

இவ்வளவு அளவும் கணக்கும் உங்களுக்கு ஒவ்வாவிட்டால் வேறு வழி இருக்கிறது. கர்நாடகத்தில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவண்டி என்னும் போர்வையில் அச்சும் இல்லை, அளவும் இல்லை. பழஞ்சேலை ஒன்றை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துணித்துண்டுகளின் விளிம்பை உள்ளே மடித்து வைத்து, எல்லா அடுக்குகளையும் சேர்த்தே நூலோடிக்கொண்டு ஓரமாகச் சுற்றி வருவார்கள். சுற்று உள்நோக்கிச் சுருங்கி நடுவில் வந்து முடியும். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துண்டுகளைப் பூ என்று பொருள்படும் பெயரிட்டு வைப்பார்கள். வங்காளத்துக் காந்தாவோ பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக்கரையிலிருந்து உருவிய நூலாலேயே உருவங்களைத் தைத்து வளர்ந்த கலை. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரின் கறுப்பினப் பெண்கள், தேய்ந்த வயல்வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் சுவரில் தொங்கவிட்டுக் காட்சிப்படுத்தியது. முழங்கால் தேய்ந்த இடமும் சட்டைப்பை கழன்ற தடமும் அந்தப் போர்வைகளில் அப்படியே தெரியும்.

நமக்குக் கிட்டவே இருக்கும் மாதிரி, பன் என்னும் கோரைப்புல்லில் பின்னும் பன்பாய். சாயமிட்ட பன்னும் சாயமிடாத பன்னும் ஊடும் பாவுமாகப் போகும்போது விழும் கட்டங்களையும் கோணல் வரிகளையும் ஒரு மாலைப்பொழுது இருந்து கொப்பியில் வரைந்தால், பத்துப் போர்வைகளுக்கான அமைப்பு கிடைத்துவிடும்.

வரைந்ததைத் துணிக்கு மாற்றுதல்

கொப்பியில் உள்ள படம் எல்லாம் துணிக்கு ஏற்றதல்ல. உங்களுக்குப் பிடித்த ஒரு வரைபடத்தைத் தெரிந்து, அதன்மேல் மெல்லிய எண்ணெய்த்தாளை வைத்து, ஐந்து வடிவங்களுக்கு மேற்படாமல் திரும்ப வரையுங்கள். குளக்கட்டும் துருசும் (நீர் திறக்கும் மதகு) மருதமரமும் கொண்ட படம் என்றால் வானம், நீர், கட்டு, மரத்தின் தழை, துருசின் கட்டடம் என ஐந்தோடு நிறுத்துங்கள். மரத்தின் தண்டையும் கைப்பிடிக் கம்பியையும் நீரின் அலையையும் பிறகு நூலால் கோடாக இடலாம். இந்தக் குறைப்புத்தான் வேலையின் கடினமான பகுதி. இதை முடித்துவிட்டால் மிகுதி பொறுமை மட்டுமே.

பெருப்பிப்பதற்குப் பாடசாலையில் படித்த கட்டமுறையே போதும். சிறுபடத்தின்மேல் அரை அங்குலக் கட்டங்கள் இட்டு, டிமை என்னும் பெரிய தாளில் இரண்டு அங்குலக் கட்டங்கள் இட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்தால் படம் நான்கு மடங்கு அகலமாகும். அதிலிருந்து ஒவ்வொரு வடிவத்தையும் வெட்டி, துணியில் வைத்துச் சுற்றிவரக் கோடிட்டு, கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். வளைவுகளில் அந்தக் கால் அங்குலத்துக்குள் சிறுசிறு வெட்டுகள் இட்டால்தான் மடிப்பு படியும். தொலைவில் இருப்பதை முதலிலும் கிட்ட இருப்பதைக் கடைசியிலும் வைத்துத் தையுங்கள். வானத்தின் கீழ்விளிம்பை மடிக்கத் தேவையில்லை, நீர் அதன்மேல் வந்து மூடும்.

வடிவங்கள் தைத்தபின் கோடுகள். மரத்தண்டுக்கும் கொடிக்கும் சாய்வான தையல்கள் ஒன்றையொன்று தழுவி ஓடும் காம்புத்தையல், நீருக்கு இடைவெளி விட்ட நூலோட்டம், கூரைக்கும் வேலிக்கும் பின்தையல், தடித்த கயிறு போன்றவற்றுக்குச் சங்கிலித் தையல் என்பது என் வழக்கம். ஆறிழை நூலில் இரண்டிழை பிரித்தெடுத்தால் மென்கோடு, மூன்றிழை எடுத்தால் வன்கோடு. பென்சிலில் 2பி-க்கும் 4பி-க்கும் உள்ள வேறுபாட்டை இங்கே இழைகளின் எண்ணிக்கை செய்கிறது. கரிய துணியில் கரிய நூலால் தைக்கும் வேலையைக் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை விறாந்தையில் இருந்து செய்யுங்கள். இரவு மின்குமிழின் கீழ் செய்ததை நான் பலமுறை பகலில் பிரித்திருக்கிறேன்.

நிறம் கிடைக்காதபோது

வரைந்த குறிப்பில் உள்ள நிறம் வீட்டிலுள்ள துணிகளில் இல்லையென்றால் சாயமிட்டுப் பார்க்கலாம். பருத்தி இலகுவில் சாயம் பிடிக்காது. 100 கிராம் உலர்ந்த துணிக்கு 15 கிராம் அளவு கடுக்காய்த்தூளைச் சூடான நீரில் கரைத்து ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து, அடுத்துப் படிகாரம் 15 கிராம் கரைத்த நீரில் இன்னோர் இரவு ஊறவையுங்கள். அதன்பின் வெங்காயத்தோலை அவித்து வடித்த நீரில் ஒரு மணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்தால் பொன்மஞ்சள் வரும். தேயிலைச் சாயம் மண்ணிறம் தரும். துருப்பிடித்த ஆணிகள் ஊறிய நீரைச் சிறிது சேர்த்தால் அது சாம்பல் கலந்த கருமையாகும். மஞ்சள் அழகான நிறத்தைத் தந்தாலும் வெயிலில் வெகுவிரைவில் வெளிறிவிடும், அதனால் நான் பயன்படுத்துவதில்லை. சாயப் பானையில் மறுபடி சமைக்கக் கூடாது.

சிவப்பைத் தேடுபவர்கள் சாயவேரைப் பற்றி அறிந்திருப்பது நல்லது. மணற்பாங்கான நிலத்தில் வளரும் இந்தச் சிறு செடியின் வேரும் படிகாரமும் சேர்ந்துதான் பழைய காலத்தில் பருத்திக்குச் செந்நிறம் ஏற்றின. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இதைத் தோண்டுவது ஆட்சியாளரின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த தொழில். வேரில் உள்ள அலிசரின் என்னும் சிவப்புப் பொருளை 1869இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் செயற்கையாக உருவாக்கிய பின் இயற்கைச் சிவப்பின் சந்தை உலகெங்கும் சரிந்தது.

இல்லாதவர்களின் உடுப்பு

நம் பகுதியில் பல வீடுகளின் பெட்டிக்குள் ஒரு சாரமோ சட்டையோ இருக்கிறது, அதை உடுத்தியவர் இல்லை. அதைப் போர்வையாக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் சில காரியங்களை முன்னரே செய்துவிடுங்கள். வீட்டில் உள்ள எல்லாரிடமும் கேளுங்கள். வெட்டிய துணியை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. முழு உடுப்பையும் விரித்துப் புகைப்படம் எடுங்கள், அல்லது கொப்பியில் வரைந்துகொள்ளுங்கள். கழுத்துப்பட்டி, பொத்தான் வரிசை, சட்டைப்பை ஆகிய மூன்றில் ஒன்றையாவது வெட்டாமல் அப்படியே வைத்துத் தையுங்கள், ஆளை அடையாளம் காட்டுபவை அவைதான். கழுவுவதா விடுவதா என்பதையும் உங்கள் வீட்டார்தான் முடிவுசெய்ய வேண்டும். இந்த ஒரு துணிக்கு மட்டும் நான் முன்கழுவலை வற்புறுத்தமாட்டேன். கழுவாவிட்டால் அதைப் போர்வையாக்காமல் சுவரில் தொங்கும் படமாக்குங்கள்.

சிலி நாட்டில் 1973ஆம் ஆண்டு இராணுவப் புரட்சியின் பின், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத்துணியின்மேல் பழந்துணித் துண்டுகளை ஒட்டித் தைத்துத் தம் தெருவையும் வீட்டையும் வரிசையில் நின்ற நாட்களையும் படமாக்கினார்கள். அர்ப்பில்லேரா என்று அழைக்கப்படும் அந்தப் படங்களின் பெயருக்கே சாக்குத்துணி என்பதுதான் பொருள். உரப்பையும் அரிசிச்சாக்கும் சணலில் கிடைத்தால் நம் கையிலும் அதே அடித்துணி இருக்கிறது.

வைத்திருக்கும் முறையும் பெயரும்

தைத்த துணியை நிழலிலேயே உலர்த்துங்கள். பங்குனி வெயில் ஒரு கிழமையிலேயே நிறத்தைத் தின்றுவிடும். மாரி காலத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வேட்டியொன்றில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோடு, தரையிலும் சுவரிலும் முட்டாத உயரத்தில் வையுங்கள், ஏனெனில் கறையான் சுவர் வழியேதான் ஏறும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, பழைய மடிப்பில் மடிக்காமல் வேறிடத்தில் மடித்து வையுங்கள்.

போர்வை முடிந்ததும் பின்பக்க மூலையில் உங்கள் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் தைத்துவிடுங்கள். தமிழ் எழுத்துகள் சுழி நிறைந்தவை, ஆகவே முக்கால் அங்குல உயரத்துக்கும் கீழே குறைத்தால் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். முதலில் பென்சிலால் எழுதி, இரண்டிழை நூலில் பின்தையல் இடுங்கள். சுழி வளையும் இடங்களில் தையலைப் பாதியாகச் சிறிதாக்கினால் எழுத்து உடையாது. புள்ளிகளை முடிச்சுத் தையலாக வையுங்கள். ஒட்டுசுட்டான் என்று ஊர்ப்பெயரைத் தைக்க எனக்கு முழுதாக ஒரு பின்னேரம் போயிற்று.